எண்ணக் கூடாத அம்பாரம்

மீட்டிங்ல மேஜையைத் தட்டிப் பேசுற பொம்பளைன்னு எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை நான் முதல்ல வாங்கினது எழுபதுகளோட கடைசியில, மெட்ராஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல. ஒரு எண்ணிக்கையை யார் பாக்கலாம், யார் பாக்கக் கூடாதுன்னு சண்டை. அதுல நான் தோத்துட்டேன். தோத்தது என்னோட போயிருந்தா பரவாயில்ல. மரக்காணத்துல இருந்த என் தங்கச்சி தலையில இல்ல வந்து விடிஞ்சுது.

மெஷின்னா இப்ப மாதிரி மடியில வெச்சுக்கிறது கிடையாது. ஒரு ஹால் முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்கும். ஒரே மெஷின்ல ஊர்ப்பட்ட வேலை ஓடும். யுனிவர்சிட்டி பரீட்சை மார்க், ஒரு மில்லோட சம்பளம், ஆராய்ச்சி பண்றவங்களோட கணக்குன்னு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. இதுங்களுக்கு நடுவுல உக்காந்து, நீ கொஞ்ச நேரம் ஓடு, நீ நில்லு, பிரிண்டரை இப்ப அவனுக்குக் குடுன்னு பங்கு போடுற ஒரு ப்ரோக்ராம் உண்டு. இப்ப பசங்க அதை கெர்னல்ங்கிறாங்க. நாங்க சூப்பர்வைசர்னு சொல்வோம். அதுக்குள்ள கை வைக்கிறதுதான் என் வேலை.

மெஷின் ஏன் இப்படி இழுக்குது, யார் வேலை யாரை மறிச்சுக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுக்காக, அந்த சூப்பர்வைசருக்குள்ளயே ஒரு கண்காணிப்பை எழுதிச் சேத்தேன். ஒவ்வொரு வேலையும் எத்தனை ஓட்டை போட்ட கார்டு படிச்சுது, எவ்வளவு நேரம் மெஷினைத் தின்னுது, பிரிண்டர்ல எத்தனை வரி அடிச்சுதுன்னு அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருக்கும். எந்த வேலையா இருந்தாலும் சூப்பர்வைசர் வழியாத்தான் போயாகணும். அதனால அங்க உக்காந்து எண்ணுறவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எழுதி முடிச்ச அன்னைக்கு எனக்குக் கால் தரையில நிக்கல, அவ்வளவு சந்தோஷம்.

எங்க மேனேஜர் தங்கமான மனுஷன். அதுதான் தொல்லையே. அவருக்கு எதையும் மூடி வெக்கப் பிடிக்காது. "இதை எல்லா டெர்மினல்லயும் திறந்து விட்டுடும்மா. எப்ப நெரிசல், எப்ப காலின்னு வேலை ஓட்ட உக்கார்றவங்களே பாத்துட்டு வரட்டும்"னாரு.

"மொத்தத்தைக் காட்டுங்க சார். ஆளாளுக்கு என்ன ஓடுதுன்னு எதுக்குக் காட்டணும்?"

"யாரோட மார்க்கையோ சம்பளத்தையோவா காட்டுறோம்? எத்தனை வரி, எவ்வளவு நேரம். வெறும் நம்பர்தானே?"

அப்பத்தான் மேஜையைத் தட்டினேன். "வெறும் நம்பர்னு ஒண்ணு கிடையாது சார்! நான் உப்பளத்துல பொறந்தவ!" ஹால்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. உப்பளத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்னு ஒருத்தர் கேட்டாரு. கோவத்துல எனக்கு ஒழுங்காச் சொல்ல வரல. எழுந்து வெளிய போய் டீ குடிச்சேன்.

அன்னைக்கு வராததை இப்பச் சொல்லிடுறேன். எங்க ஊர்ல கோடையில வாரின உப்பை அத்தனையும் உடனே விக்க மாட்டாங்க. கொஞ்சத்தை அளத்து மேட்டுல அம்பாரமாக் குவிச்சு, பனை ஓலையால மூடி, மழைக் காலத்துக்குன்னு வெச்சிடுவாங்க. மழை பெய்யுறப்ப புது உப்பு கிடைக்காது, விலை ஏறும். தரகருங்க சைக்கிளை எடுத்துக்கிட்டு வரப்பு வரப்பா சுத்துவாங்க. எந்த அளத்துல எத்தனை அம்பாரம் நிக்குதுன்னு தெரிஞ்சா போதும், யார் இன்னும் தாக்குப் பிடிப்பான், யார் கீழ எறங்கி வருவான்னு கணக்குப் போட்டுடுவாங்க. அதனால அளக்காரங்க மண்ணைக் குவிச்சு அதையும் ஓலை போட்டு மூடி வெப்பாங்க. வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான். எது உப்பு, எது மண்ணுன்னு மூடினவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுல கேக்கக் கூடாது. சின்னப் பிள்ளைங்க விரலை நீட்டி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினா பளார்னு விழும். கண்ணு படும்னு சொல்லித்தான் அடிப்பாங்க, ஆனா யாரோட கண்ணுன்னு வாங்கின எனக்குத் தெரியும்.

இது தெரிஞ்ச எனக்கு, பிரிண்டர் வரிக் கணக்கைத் தெருவுல போட்டு வெச்சா எப்படி இருக்கும்? ஆனா உத்தரவு உத்தரவுதான். திறந்து விட்டேன்.

இப்ப என் தங்கச்சி கதைக்கு வர்றேன். எனக்கு அப்ப இருபத்தேழு வயசு, கல்யாணம் ஆகல. ஊர்ல அதை என்னைக் கேக்க மாட்டாங்க, அப்பாவைத்தான் கேப்பாங்க. கேட்டுக் கேட்டு அவர் நொந்து போயிருந்தாரு. தங்கச்சி பி.யு.சி.ல, அதான் இப்பத்த ப்ளஸ் டூ மாதிரி, கணக்குல மட்டும் ஃபெயிலாயிட்டா. அக்டோபர்ல திரும்ப எழுதினா. எழுதுறதுக்கு முன்னாடியே அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாரு: பாஸானா அக்காகூட மெட்ராஸ் போய் மேல படி, ஃபெயிலானா தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளையும் ரெடி. எங்க ஊர் உப்புத் தரகரோட பையன். பையன் கெட்டவன் கிடையாது, ஆனா இவளுக்கு அவனைப் பிடிக்கல, படிக்கணும்னு உயிரை விடுறா. திண்டிவனத்துல பொண்ணுங்க சென்டர்ல அந்தத் தடவை பரீட்சை எழுதினதே இவ ஒருத்திதான். பெரிய ஹால்ல ஒத்தையா உக்காந்து எழுதினதா வந்து சொன்னா. அது ஊருக்கே தெரியும்.

அந்தப் பரீட்சை மார்க் வந்து சேர்ற இடம் எங்க மெஷின்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆபீசுக்கு ட்ரங்க் கால். அப்பா. போன்ல பேசிப் பழக்கமில்லாத ஆளு, காது கிழியுற மாதிரி கத்தினாரு. "இன்னாம்மா, சின்னது ஃபெயிலாமே! உனக்குத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல?"

"யாருப்பா சொன்னா? ரிசல்ட்டே இன்னும் போடலியே!"

"தரகர் வூட்டுல சொல்றாங்க. உங்க மெஷின்லயே தெரிஞ்சிடுச்சாம். வர்ற வாரம் தட்டு மாத்திக்கலாங்கிறாங்க. நானும் சரின்னுட்டேன்." லைன் அதோட போச்சு.

நேரா பரீட்சை வேலை பாக்கிறவங்ககிட்ட ஓடினேன். மார்க்கை ஓட்டை போட்ட கார்டு இன்னும் மெஷின் பக்கமே வரலன்னாங்க. அப்ப என்னதான் ஓடுச்சு? முந்தின நாள் ஒரு ஒத்திகை ஓட்டியிருக்காங்க. மார்க் இல்லாம, வெறும் சென்டர் பேரைப் போட்டு, தலைப்பெல்லாம் தாள்ல நேரா விழுதான்னு பாத்திருக்காங்க. பாஸானவங்க நம்பர் மட்டும்தான் தலைப்புக்குக் கீழ அச்சாகும். மார்க்கே இல்லாதப்ப யாரு பாஸாவா? ஒவ்வொரு சென்டரும் மெஷினுக்கு ஒரு தனி வேலை, எல்லாத்துக்கும் தலைப்பு மட்டும் விழுந்துச்சு. திண்டிவனத்துக்கும் தலைப்பு மட்டும். என் கண்காணிப்பு அதை ஒழுங்கா எண்ணி, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டியிருக்குது.

பாத்தவன் யாருன்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகல. தரகரோட தம்பி பையன் ஒருத்தன் ஆராய்ச்சின்னு சொல்லிக்கிட்டு எங்க டெர்மினல் ரூம்ல உக்காந்திருப்பான். ஊர்க்காரன்னு நான்தான் டீ எல்லாம் வாங்கிக் குடுத்திருக்கேன்! அவன் திண்டிவனம் சென்டருக்கு வரி விழுந்துதான்னு பாத்தான், தலைப்புக்கு மேல ஒண்ணும் இல்ல, எழுதினது ஒருத்தி, அவ போயிட்டா. கணக்கு சுத்தம். அவன் பாத்த நம்பர்ல ஒரு தப்பும் கிடையாது. நம்பரும் சரி, எண்ணினதும் சரி, சொன்ன சேதி மட்டும் பொய். அதை நெனைக்க நெனைக்கத்தான் எனக்கு ஆறல.

சனிக்கிழமை வரைக்கும் என்னால பொறுக்க முடியல. லீவு போட்டுட்டு மறுநாளே பஸ் ஏறினேன். திண்டிவனத்துல எறங்கி மரக்காணம் பஸ் மாறணும். அந்த பஸ் பெருமுக்கல் மலையைத் தாண்டவே ஒரு ஜென்மம் எடுத்துக்கிச்சு. உக்காரவும் முடியல. எழுந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "சீட்டு காலியா இருக்குதே, உக்காரும்மா"ன்னு கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாரு.

அப்பா அளத்துலதான் இருந்தாரு. மழை விட்டிருந்துச்சு, காத்துல பறந்த ஓலையை எல்லாம் திரும்பக் கட்டிக்கிட்டு இருந்தாரு. நான் செருப்போட வரப்புல ஏறி வந்ததைப் பாத்து முறைச்சாரு. மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். ஒத்திகை, தலைப்பு, தரகர் தம்பி பையன், எல்லாம்.

அவர் கேட்டது ஒண்ணுதான். "அப்ப ரிசல்ட் எப்ப உண்மையா ஓடும்?"

"திங்களோ செவ்வாயோ."

"அப்ப நீ பாத்துச் சொல்லிடு. பாஸ்னா தட்டு வேணாம்னு சொல்லிடறேன். ஃபெயில்னா வர்றவங்க வரட்டும். பேப்பர்ல வர்ற வரைக்கும் அவங்களை வாசல்ல நிக்க வெக்க முடியுமா?"

"நான் பாக்க மாட்டேன்ப்பா."

"இன்னாது?"

"பாக்கக் கூடாது. அதுக்குத்தான் அங்க சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

அப்பாவுக்கு வந்துச்சே கோவம்! கையில இருந்த ஓலையைத் தூக்கி எறிஞ்சாரு. "கண்டவன் பாத்துட்டு ஊரெல்லாம் சொல்றான். கூடப் பொறந்தவ நீ பாக்க மாட்டியா? உன்னைப் படிக்க வெச்சதே தண்டம்டி! அந்த மெஷினுக்குள்ள குந்திக்கிட்டு நீ இன்னாதான் கிழிக்கிற?"

எனக்கும் அவர் ரத்தம்தானே ஓடுது. நானும் கத்தினேன். "தரகர் நாளைக்கு வந்து, உன் அளத்துல இவ்வளவு அம்பாரம், நான் எண்ணிட்டேன், இந்த விலைக்குக் குடுன்னா குடுப்பீங்களா? இதுல எது மண்ணுன்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கேனா என்னைக்காவது? அந்த ஆளு வூட்டுப் பையன் உங்க பொண்ணை எண்ணியிருக்கான்ப்பா! வெளியில நின்னு ஓலையை எண்ணிட்டு, உள்ள மண்ணுதான்னு வந்து உங்ககிட்டயே சொல்லியிருக்காங்க, நீங்களும் தலையை ஆட்டியிருக்கீங்க!"

கத்தி முடிச்சப்புறம்தான் சுத்திப் பாத்தேன். மண்ணு அம்பாரம்னு அளத்துல நின்னு யாரும் வாய் விட்டுச் சொல்லவே மாட்டாங்க. நல்லவேளை, பக்கத்து அளத்துல ஆள் இல்ல. அப்பா எறிஞ்ச ஓலையைப் போய் எடுத்துட்டு வந்தாரு. ரொம்ப நேரம் முடிச்சு போட்டுக்கிட்டே இருந்தாரு.

"எண்ணினானா அவன்?"ன்னு மட்டும் கேட்டாரு. என்கிட்ட கேட்ட மாதிரியும் இல்ல. அப்புறம், "சரி, பேப்பர்ல வரட்டும். அது வரைக்கும் நான் பாத்துக்கறேன்"னாரு.

எப்படிப் பாத்துப்பீங்கன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அடுத்த வாரம் எனக்கு அந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

சாயந்தரம் என்னை பஸ் ஏத்திவிட தங்கச்சி வந்தா. அழுது அழுது மூக்கு செவந்து கெடந்துச்சு. "எப்படிடி எழுதின?"ன்னு கேட்டேன். "தெரியலக்கா. அல்ஜீப்ரா நல்லா எழுதினேன். ஜியோமெட்ரியில ஒண்ணு பாதியில நின்னுடுச்சு. ஒரு நாள் பாஸ்னு தோணுது, ஒரு நாள் தோணல." கொஞ்ச தூரம் நடந்துட்டு என் கையைப் பிடிச்சா. "அக்கா, நீ பாத்துடு. எனக்குச் சொல்லவே வேணாம். நல்லா இருந்தா மட்டும் ஒரு போன் போடு."

"போன் வரலன்னா?"

அவளுக்கே புரிஞ்சு போச்சு. "வரலன்னா தெரிஞ்சிடும்"னா.

"அதாண்டி. சொல்லாம இருக்கிறதும் ஒரு விதத்துல சொல்றதுதான். அதனாலதான் பாக்கவே கூடாதுங்கிறேன்." பேச்சு பெருசாப் பேசிட்டேன். பஸ்ல ஏறி உக்காந்ததும் எனக்கே அழுகை வந்துடுச்சு. பாத்தா என்ன குடி முழுகிடும்னு மனசு வழியெல்லாம் பிராண்டிக்கிட்டே வந்துச்சு.

திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட போய் நின்னேன். மேஜையைத் தட்டல. நடந்ததைச் சொன்னேன். மனுஷன் முகம் வெளுத்துப் போச்சு. அவருக்கும் கல்யாண வயசுல பொண்ணு இருந்தா. "மூடிடும்மா, இப்பவே மூடிடு"ன்னாரு.

முழுசா மூடுறதும் தப்புன்னு எனக்குத் தோணுச்சு. நெரிசல் தெரியாம டெர்மினல்ல உக்கார்றவங்களும் தவிப்பாங்க. அதனால ஒரு வழி பண்ணினேன். டெர்மினல்ல இருந்து எவன் கேட்டாலும், அந்தக் கேள்வி சூப்பர்வைசர்கிட்டதானே வந்தாகணும்? வந்த எடத்துலயே யாருடா நீன்னு கேக்க வெச்சேன். உன் வேலையோட கணக்கா, இந்தா எடுத்துக்கோ. அடுத்தவன் வேலையோடதா, அனுமதி இல்ல, போ. மெஷினோட மொத்த நெரிசலா, குடுக்கிறேன், ஆனா பக்காவா குடுக்க மாட்டேன், குத்துமதிப்பாத்தான் குடுப்பேன். பக்காவா குடுத்தா இப்பவும் அப்பவும் பாத்துக் கழிச்சு நடுவுல யார் என்ன பண்ணினான்னு பிடிச்சுடுவான். மண்ணு அம்பாரம் போட்ட ஊர்க்காரி நான், எனக்கா தெரியாது? எல்லாத்தையும் முழுசா பாக்கணும்னா மெஷின் ரூமுக்குள்ள இருக்கிற கன்சோல்ல உக்காரணும், அதுல ஒரு பூட்டுச் சாவி திருப்பணும். மத்தியானம் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, மெஷினை நிறுத்தி, புது சூப்பர்வைசரை ஏத்தினோம்.

சாவியை மேனேஜர் என் கையில குடுத்தாரு. "எழுதினவ நீதானே, நீயே வெச்சுக்கோ"ன்னாரு. நல்ல மனுஷன்னு சொன்னேனே, இந்த மாதிரிதான் மாட்டி விடுவாரு.

மறுநாள் மார்க் கார்டு வந்துடுச்சு. ரிசல்ட் ஓட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துலயே தரகர் தம்பி பையன் என் மேஜைகிட்ட வந்து நின்னான். "மேடம், நேத்து வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு என்ன அடிச்சாலும் அனுமதி இல்லன்னு வருது. ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் பண்ணியாச்சு"ன்னேன்.

அவனுக்கு நக்கல் புரியல. தலையைச் சொறிஞ்சான். "இல்ல மேடம், பெரியப்பா பாத்துச் சொல்லச் சொன்னாரு. முன்னாடி தப்பாச் சொல்லிட்டதா ஊர்ல ஒரே பேச்சாம். நல்ல சேதியா இருந்தா நாமளும் சந்தோஷப்படலாமே?" அவனைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் மூஞ்சியில கள்ளம் இல்ல. உபகாரம் பண்றதா நெனச்சுக்கிட்டு இருந்தான், அதைத்தான் என்னால தாங்க முடியல. "ஏம்பா, உன் வேலை எதுவோ அதைப் பாரு. அதோட கணக்கு உனக்கு வரும். மத்தவங்களோடது வராது. இனிமே எப்பவும் வராது"ன்னேன்.

போயிட்டான்னு பாத்தா, பிரிண்டர் ரூம் கண்ணாடிக்கு வெளிய போய் நின்னுக்கிட்டான். காதைக் கண்ணாடியில வெச்சுக்கிட்டு! அந்தக் காலத்து பிரிண்டர் ஊரைக் கூட்டும். தலைப்புக்கு ஒரு சத்தம், வரிசையா நம்பர் விழுந்தா வேற சத்தம். சூப்பர்வைசரை மூடிட்டேன், காதை எப்படி மூடுறது? ஆபரேட்டரைக் கூப்பிட்டு, பக்கத்து பிரிண்டர்ல பழைய குப்பை எதையாவது போட்டு அடிக்கச் சொன்னேன். ரெண்டும் சேந்து அடிச்ச அடியில கண்ணாடியே அதிர்ந்துச்சு. அவன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுக் கிளம்பினான்.

அவன் போயிட்டான். நான் இருக்கேனே? சாவி என் புடவை முந்தியில முடிஞ்சு கெடக்குது. கன்சோல் நாலு எட்டு தள்ளி. திருப்பி ஒரு வரி அடிச்சா, தலைப்புக்குக் கீழ ஒண்ணு இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். யாருக்கும் தெரியாது. நான் எழுதினதுதானே, எண்ணுறதும் என்னோடது, பூட்டும் என்னோடது. உக்காந்தேன், எழுந்தேன். தண்ணி குடிச்சேன். திரும்ப உக்காந்தேன். எந்த சென்டர் எதுக்கு அப்புறம் வரும்னு எனக்கு மனப்பாடம். திண்டிவனம் நெருங்குதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன், ரெண்டு பிரிண்டர் இல்ல, பத்து பிரிண்டர் அடிச்சாலும் சொல்லிடுவேன்.

முந்தியை அவிழ்த்து, சாவியை மேனேஜர் மேஜை மேல டங்குன்னு வெச்சேன். "இது என்கிட்ட இருந்தா நான் பாத்துடுவேன் சார். நீங்க வெச்சுக்கோங்க." அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள படியெறங்கி வெளிய வந்துட்டேன். மழை பிடிச்சுக்கிச்சு. குடை இல்ல. தெருக்கோடி வரைக்கும் நடந்து, டீக்கடை ஓரமா ஒதுங்கி, திரும்பி வந்து, திரும்பவும் நடந்தேன். டீக்கடைக்காரர், "யாரையாவது தேடுறீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. பிரிண்டர் சத்தம் நின்னுருக்கும்னு தெரிஞ்சப்புறம்தான் மேல ஏறினேன். புடவையை மேஜை விசிறிக்கு முன்னாடி நின்னு காய வெச்சுக்கிட்டேன்.

ரிசல்ட் சனிக்கிழமை பேப்பர்ல வந்துச்சு. பேர் இருக்காது, சென்டர் இருக்காது, நெருக்கமா வெறும் நம்பருங்க. அவ நம்பர் எனக்குத் தெரியாது. ஹால் டிக்கெட்டை அவ யார்கிட்டயும் காட்டல, பெட்டி அடியில மறைச்சு வெச்சிருந்தா. விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிச்சு, பேப்பரை மடிச்சு மடியில வெச்சுக்கிட்டுப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தா. பேப்பரைக் கேக்கல. முதல்ல இதைத்தான் சொன்னா: "அக்கா, அப்பா நான் பாஸ்னு சொல்லிட்டாரு."

"யாருகிட்ட?"

"தட்டோட வந்தவங்ககிட்ட. பெரிய பொண்ணு மெஷின்லயே பாத்துட்டா, சின்னது பாஸாயிடுச்சு, காலேஜ் போவப் போவுது, கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம்னு சொல்லி அனுப்பிட்டாரு."

எனக்கு மண்டைக்கு ஏறிடுச்சு. நான் பாக்கவே இல்லியே! பாக்காம இருக்க அந்தப் பாடு பட்டேனே! என் பேரைச் சொல்லியா? தரகர் சும்மாவா விட்டாருன்னு கேட்டேன். அவர் நம்பரைக் கேட்டாராம். "என் பொண்ணு நம்பரைக் கேக்க நீ யாருய்யா"ன்னு அப்பா துண்டை உதறினாராம். மெட்ராஸுக்கு போன் பண்ணிக் கேட்டிருக்காங்க, அங்க இருந்து அந்தப் பையன், இப்ப எதுவும் தெரிய மாட்டேங்குது, மூடிட்டாங்கன்னு சொல்லிட்டானாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, நிறுத்தி வெச்சிருந்த ஒரு உப்பு லாரி மறைவுல நின்னு பேப்பரைப் பிரிச்சோம். அவ விரலை வெச்சுத் தேடினா. அவ நம்பருக்கு முன்னாடி நம்பர் இருந்துச்சு. பின்னாடி நம்பர் இருந்துச்சு. நடுவுல இல்ல. திரும்ப மேல இருந்து பாத்தா. அடுத்த பக்கம் பாத்தா. பேப்பரை மடிக்கத் தெரியாம கையில கசக்கிக்கிட்டு நின்னா. "போச்சுக்கா"ன்னா. அவ்வளவுதான், லாரி டயர்ல சாஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுதா. எனக்கு அவளைத் தேத்தத் தெரியல. கட்டிப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

அழுது ஓய்ஞ்சதும் ரெண்டு பேரும் அளத்துக்கு நடந்தோம். அப்பாகிட்ட சொல்லித்தானே ஆகணும். அவர் தூரத்துலயே எங்களைப் பாத்துட்டாரு. பாத்ததும் திரும்பி நின்னு, அம்பாரத்து ஓலையில ஒரு முடிச்சை அவிழ்த்து, அதையே திரும்பப் போட ஆரம்பிச்சாரு.

"அப்பா, பேப்பர் வந்துடுச்சு"ன்னேன்.

"சொல்லாத"ன்னாரு.

"அப்பா, அது வந்து..."

"சொல்லாதன்னு சொல்றேன் இல்ல? எனக்குத் தெரியாத வரைக்கும் நான் அந்த ஆளுகிட்ட நிமிந்து பேசுவேன். தெரிஞ்சுட்டா எனக்கு வாய் வராது. உங்க ரெண்டு பேருக்கும் தெரியும் இல்ல, அது போதும்." முடிச்சை இழுத்துக் கட்டினாரு. "காலேஜ் போற பொண்ணு ஊர்ல இருந்தா நல்லா இருக்காது. இன்னைக்கு பஸ்லயே கூட்டிட்டுப் போ. என்ன படிக்கணுமோ படிக்கட்டும்."

போன வாரம் பாத்துச் சொல்லுடின்னு ஓலையை எறிஞ்ச மனுஷன் இவர்தான். என் பேரைச் சொல்லி நீங்க எப்படிப் பொய் சொல்லலாம்னு வழியெல்லாம் வார்த்தை சேத்து வெச்சிருந்தேன். அதை அப்படியே விட்டுட்டு தங்கச்சி பக்கம் திரும்பினேன். தங்கச்சி மூஞ்சி வீங்கிப் போயிருந்துச்சு, ஒரு தடவை திரும்பிப் பாத்தா போதும், ரிசல்ட் அதுல எழுதி ஒட்டியிருந்துச்சு. அவர் பாக்கல. பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு, எங்களுக்கு முன்னாடியே நடந்தாரு. டிக்கெட்டுக்குக் காசை என்கிட்ட குடுத்தாரு. பஸ் கிளம்பறப்ப டிரைவரைப் பாத்துக் கையை ஆட்டினாரு. அவளைப் பாக்கவே இல்ல.

மெட்ராஸ்ல அவ டுடோரியல்ல சேந்தா. ஊர்ல காலேஜ்னு பேரு. என் ஒத்தை ரூம்ல, நான் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கிட்டு ஜியோமெட்ரி போட்டா. பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகல, மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயம். ஏப்ரல்ல எழுதினா. அந்தத் தடவையும் ரிசல்ட் எங்க மெஷின்லதான் ஓடுச்சு, நான் அன்னைக்கு லீவு போட்டுட்டேன்.

பாஸ் பண்ணிட்டா. கணக்குல நல்ல மார்க். அன்னைக்கே ஊருக்குக் கிளம்பினோம். பஸ்ல பாதி வழியிலதான் அவளுக்கு உறைச்சுது. "அக்கா, இதை எப்படி அப்பாகிட்ட சொல்றது? அவர் கணக்குல நான் எப்பவோ பாஸ் இல்ல?" எனக்கும் அப்பத்தான் உறைச்சுது. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, ஊர் வர்ற வரைக்கும் சிரிப்பை அடக்க முடியாம வாயைப் பொத்திக்கிட்டு வந்தா.

வீட்டுல நுழைஞ்சோம். அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. தலையைத் தூக்கி, அத்தனை மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா அவ மூஞ்சியை நேராப் பாத்தாரு. நல்லா பாத்தாரு. அடுப்படிப் பக்கம் திரும்பி, அம்மாகிட்ட கேசரி கிண்டச் சொன்னாரு.

"இன்னைக்கு என்ன விசேஷம்?"னாங்க அம்மா.

"சும்மாதான்"னாரு.